பட்டா மாறிய பாவை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மேலே செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். ஆடி மாதத்தில் அரசாங்கமே அவருக்கு விழா எடுக்கிறது. பிள்ளைகளோடு வரும் பெற்றோர் சிலைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ எடுப்பார்கள். 'கடையேழு வள்ளல்ல ஒருத்தர்டா' என்று ஒரு வரி சொல்வார்கள். அவ்வளவுதான், ஆகாய கங்கை அருவியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வரி போதுமா?

என் மகளுக்கு இந்த மலையைப் பற்றிச் சொல்லலாமே என்று கொஞ்ச நாளாகக் கொல்லிமலை சம்பந்தப்பட்ட புத்தகங்களாகத் தேடிப் படித்தேன். இனி நீங்கள் படிக்கப்போவது இலக்கிய விமர்சனம் இல்லை. ஒரு தகப்பனின் சொந்த அபிப்பிராயம்.

முதலில் சங்கப் பாடல்கள். ஓலைச்சுவடியிலிருந்து புறநானூற்றை 1894-ல் அச்சேற்றியவர் உ.வே.சாமிநாதையர். அதில் வன்பரணர் ஒரு காட்சி காட்டுகிறார். காட்டில் ஒரு வேடன் அம்பு விடுகிறான். யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு வரைக்கும் ஒரே அம்பு துளைத்துப் போகிறது! பசியோடு வந்த பாணர்களுக்கு அந்த வேடன் இறைச்சி தருகிறான், பொன்னும் மணியும் தருகிறான். அவர்கள் ஓரியின் பெயரைச் சொல்லிப் பாடியதும் வெட்கப்பட்டு நிற்கிறான். ஏன்னா, அவன்தான் ஓரி. எந்தக் குழந்தைக்கும் பிடிக்கிற கதை. தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆனால், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஓரியைக் கொன்றது யார் தெரியுமா? திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி. கொன்று, கொல்லிமலையைச் சேரர் கையில் கொடுத்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்கிறார். ஓரியை வீழ்த்திவிட்டுக் காரி அந்த ஊரின் பெருந்தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் உவமையாக எடுத்துக்கொள்கிறார். இந்தக் காரி வேறு யாருமில்லை, அவனும் கடையேழு வள்ளல்களில் ஒருவன்! கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவருக்கும் ஒரே பட்டியலில் இடம். பட்டியலுக்குள் நுழைய ஒரே தகுதி, கேட்டு வந்தவர்க்கு வாரிக் கொடுத்திருக்க வேண்டும். போர்க்களத்தில் என்ன செய்தான் என்பது அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு சமாச்சாரம் பாருங்கள். கொல்லிப்பாவை என்று ஒரு பெண் உருவம், தெய்வம் செய்து வைத்த பேரழகு, இந்த மலையில் இருந்ததாகப் பாட்டுக்குப் பாட்டு வருகிறது. குறுந்தொகை 100-ம் பாட்டில் கபிலர் அதைப் பாடும்போது மலை ஓரியுடையது. 89-ம் பாட்டில் பரணர் பாடும்போது மலை சேரனுடையது. பாவை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பட்டா மட்டும் மாறிவிட்டது!

பி.காம். படித்த எனக்குப் பற்று, வரவு இரண்டு பக்கத்தையும் பார்த்தால்தான் திருப்தி. வள்ளல் கதையில் நாம் பிள்ளைகளுக்கு வரவுப் பக்கத்தை மட்டுமே காட்டுகிறோம். என் கட்சி இதுதான்: ஓரியைப் பற்றி ஒரு பாட்டுச் சொன்னால், காரியைப் பற்றியும் ஒன்று சொல்லுங்கள். 'அப்ப யாருப்பா நல்லவங்க?' என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டுமே. வரலாறு அந்தக் கேள்வியில்தானே ஆரம்பிக்கிறது!

அடுத்தது அறப்பளீசுர சதகம். மலைமேல் இருக்கும் அறப்பளீஸ்வரரை முன்னிறுத்தி, 18-ம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் எழுதிய நூறு பாட்டு. நல்ல மகன் எப்படி இருக்க வேண்டும், நல்ல ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எந்தக் கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், சகுனம் பார்ப்பது எப்படி... எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள், எதையெல்லாம் மதித்தார்கள் என்று தெரிந்துகொள்ள அருமையான புத்தகம். பிள்ளைக்கு அப்படியே புத்திமதியாகக் கொடுப்பதற்கு? பெண்களைப் பற்றிய இடங்களில் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

மூன்றாவது, எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கொல்லிமலைவாசிகளான மலையாளிகளும் அதில் உண்டு. கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்ற அவர்களின் பூர்வகதையை அந்தத் தொகுதியில் படிக்கலாம். அதைப் பதிந்து வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனா, மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து தரம் பிரிக்கப் பார்த்தவரும் இதே தர்ஸ்டன்தான். அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பிள்ளை கையில் தரமாட்டேன்.

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் ஆங்கிலேய மிஷனரி தம்பதி. கொல்லிமலையிலேயே குடியிருந்தார்கள். மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தான். 1923-ல், ஒன்பது வயதில், படிப்புக்காக அவனை இங்கிலாந்தில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். அப்பா மலையிலிருந்து கடிதம் கடிதமாக எழுதினார். 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி முதலில் வந்துவிட்டது. கப்பலில் வந்த அப்பாவின் கடிதம், அதற்கப்புறம்தான் பையன் கைக்குக் கிடைத்தது.

அந்தப் பையன் பிற்பாடு வேலூர் சி.எம்.சி.க்கு டாக்டராக வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். வலி தெரியாமல் போவதால் படும் காயங்கள்தான் அவர்களின் கை கால்களைச் சிதைக்கின்றன என்று உலகத்துக்குப் புரியவைத்தார். அவர் வாழ்க்கையை 1965-ல் டோரதி கிளார்க் வில்சன் புத்தகமாக எழுதினார். பிலிப் யான்சியோடு சேர்ந்து அவரே வலியைப் பற்றி 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். பெற்றோர் முதலில் படியுங்கள், அப்புறம் பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த வகைப் புத்தகங்களில் மலைக்காரர்கள் பெரும்பாலும் உதவிக்குக் காத்திருப்பவர்களாகவே வருவார்கள். சாமை, தினை, கேழ்வரகு என்று அந்தச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக விளைவித்துச் சாப்பிட்ட அவர்களின் சாமர்த்தியம் பின்னால் போய்விடும்.

இதையெல்லாம் கதையாகச் சொல்லி முடித்ததும், மகள் கேட்டாள்: 'இதுல அந்த மலைக்காரங்க எழுதினது எதுப்பா?'

நாலு வரிசையிலும் ஒன்றுகூட இல்லை. ஒன்று பரிசில் வாங்கியவர்கள் பாடியது. ஒன்று கவிராயர் சொன்ன புத்திமதி. ஒன்று அளக்க வந்தவர் எழுதியது. ஒன்று சேவை செய்ய வந்த குடும்பத்தின் கதை. ஓரியிடமிருந்து சேரனுக்குப் பட்டா மாறியபோது, தினைப்புனத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்தவள் என்ன நினைத்தாள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதனால், அடுத்த முறை அந்த எழுபது வளைவுகளும் ஏறினால் ஓரி சிலையோடு திரும்பிவிடாதீர்கள். சந்தையில் பலாப்பழமோ மிளகோ விற்கும் பாட்டி பக்கத்தில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, 'உங்க ஊர்க் கதை சொல்லுங்க பாட்டி' என்று கேட்கச் சொல்லுங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.