மூன்றரைக் கட்டை

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் பியானோ கற்கிறேன் என்றால் நண்பர்கள் நகைக்கின்றனர். நகைக்கட்டும். வெள்ளவத்தையில் என் பேர்த்தி பயிலும் ஆசிரியையிடமே நானும் பாடம் கேட்கிறேன். முதற்பாடம் ‘சி மேஜர்’ ஸ்கேல். எட்டும் வெள்ளைக் கட்டைகள். கறுப்புக் கட்டைக்கு வேலையே இல்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மூன்று சுரங்கள் ஒலித்ததும், பெருவிரல் நடுவிரலின் அடியால் நுழைந்து நான்காவது கட்டையைப் பிடிக்கவேண்டும். எழுபதைக் கடந்த பெருவிரல் நுழைய மறுக்கிறது.

“மூன்றுக்கும் நாலுக்கும் இடையிலும், ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலும் அரைச் சுரம், மற்ற இடமெல்லாம் முழுச் சுரம். அவ்வளவுதான், ஐயா” என்றார் ஆசிரியை. அந்தக் கணத்தில் ஜிந்துப்பிட்டி நினைவுக்கு வந்தது.

செட்டியார் தெருவிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்தால் வரும் ஜிந்துப்பிட்டி, கொழும்பின் தமிழ் நாடக வரலாற்றில் தனியிடம் பெற்றது. தமிழகத்துக் குழுக்கள் கப்பலேறி வந்து கொழும்பில் மாதக்கணக்கில் நாடகம் நடத்திய காலம் அது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களில் இணைந்து நடித்ததும் இந்நகரில்தான். ஒலிபெருக்கி இல்லாத அக்கொட்டகைகளில் பாடகர் குரலைத் தாங்கிப்பிடித்தது ஆர்மோனியம். பாரிஸில் டெபெய்ன் 1842இல் காப்புரிமை பெற்ற கருவி, கல்கத்தா வழியாகத் தமிழ் மேடைக்கு வந்து தமிழ்க் கருவியாகவே ஆகிவிட்டது. கிட்டப்பாவுக்கு அதை வாசித்தவர் அவரது சகோதரர் காசி ஐயர்.

பியானோவின் கட்டை வரிசைதான் ஆர்மோனியத்திலும். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையிலுள்ள கறுப்பை ‘அரை’ என்றழைத்தனர் நம்மவர். சி ஒரு கட்டை; அதையடுத்த கறுப்பு ஒன்றரைக் கட்டை. “ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார்” என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கணக்கு இதுதான்.

1970களின் தொடக்கத்தில் பழைய நாடகங்கள் பற்றி எழுதுவதற்காக ஜிந்துப்பிட்டியில் முதிய ஆர்மோனியக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். விடைபெறும்போது, “தம்பி, மூன்றரைக் கட்டையில் பாடின ராஜபார்ட் எவனும் இல்லை, தெரியுமோ?” என்று கேட்டுச் சிரித்தார். ராஜபார்ட்டுகளின் குரல்வளத்தைக் கேலி செய்கிறார் என்று எண்ணி நானும் சிரித்தேன்.

அவர் சொன்னது கேலியன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது! ஆசிரியை சொன்ன அரைச் சுரம் அங்கேதான் இருக்கிறது. கமகமின்றி வாசித்தால் அது சங்கராபரணத்தின் சுர வரிசை, 29ஆவது மேளகர்த்தா. ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தபோது தேர்ந்ததும் அதே ராகம். கமகத்துக்கு இடங்கொடாத கருவியென்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது வேறு கதை.

அன்று நான் எழுதிய கட்டுரையின் நறுக்கைத் தேடியெடுத்தேன். நடிகர் பெயர்கள் பதினொன்று இருக்கின்றன. அவரை ‘ஆர்மோனியக்காரர் ஒருவர்’ என்றே எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டிலும் பெயர் இல்லை.

அடுத்த வாரம் டி மேஜர். இரண்டு கட்டையில் தொடங்கி, நாலரையையும் மேல் ஒன்றரையையும் தொடவேண்டுமாம்.