ஒரே ஞாயிறு, இரண்டு தீர்ப்புகள்



அண்மைக்காலமாகத் திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பாதர், கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கப் போகிறார்களாமே, வாக்கெடுப்பு வந்தால் நாங்கள் என்ன எழுதுவது?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இளையோர் அதே கேள்வியை வேறு தொனியில் கேட்கின்றனர். சுவிஸ் தேசிய சபையின் ஆணைக்குழு ஒன்று ஆக்கிய வரைவுச் சட்டம் 2025இல் பொதுக் கருத்தறிதலுக்கு வைக்கப்பட்டது. 18 வயது நிரம்பியோருக்கு மட்டும், உரிமம் பெற்ற இடங்களில், விளம்பரமின்றிக் கஞ்சாவை விற்க அது வழிசெய்கிறது. பாராளுமன்றம் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றி, அதற்கெதிராக 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பங்கள் திரட்டப்பட்டால், தீர்ப்பு நம் கைகளுக்கு வரும்.

"ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் நான் விடை தரப்போவதில்லை. ஒருமுறை அப்படித் தந்து தவறிழைத்தவன் நான். அதைச் சொல்வதற்கு முன் இந்த நாட்டின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

சுவிட்சர்லாந்து கஞ்சாவைத் தடைசெய்தது 1951ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தின் மூலமாகும். 1975இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, பயன்படுத்துவதும் வெளிப்படையாகத் தண்டனைக்குரியதாயிற்று. ஆயினும் சணற்செடியை வளர்ப்பது, போதைக்காக அல்லாதவரை, தடைசெய்யப்படவில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்தித் தொண்ணூறுகளில் நகரங்கள் தோறும் சணற்கடைகள் முளைத்தன. உலர்ந்த கஞ்சாப் பூக்கள் "வாசனைப் பைகள்" என்ற பெயரில் அங்கே விற்கப்பட்டன. அலமாரியில் வைப்பதற்காக அவற்றை எவரும் வாங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சட்டம் ஒன்றைச் சொல்ல, தெரு வேறொன்றைச் செய்த காலம் அது.

அதனினும் பெரிய காயம் ஒன்று அப்போது திறந்து கிடந்தது. சூரிச் பிரதான புகையிரத நிலையத்துக்கு அருகே, தேசிய அருங்காட்சியகத்தின் பின்புறம் உள்ள பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பட்டப்பகலில் ஹெரோயின் விற்கப்பட்டது. அங்கேயே நரம்பில் ஏற்றப்பட்டது. 1992 பெப்ரவரியில் அப்பூங்கா மூடப்பட்டது. அடிமைப்பட்டோர் எங்கும் மறைந்துவிடவில்லை. லிம்மாட் ஆற்றோரம் கைவிடப்பட்டுக் கிடந்த லெட்டன் புகையிரத நிலையத்தில் கூடினர். 1994 குளிர்காலத்தில் முதிய சுவிஸ் குருவானவர் ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். இந்நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளங்குரு நான். கைவிடப்பட்ட தண்டவாளங்களின் மேல், பனிச்சேற்றில், என் வயதொத்தவர்கள் கிடந்தனர். யுத்தத்திலிருந்து வந்த எனக்கு, யுத்தமில்லாத நாட்டில் மனிதர் இப்படி விழுந்து கிடப்பது விளங்கவில்லை. அந்தக் குருவானவர் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. சூடான தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

1995இல் லெட்டனும் மூடப்பட்டது. ஆனால் இம்முறை பொலிஸ் நடவடிக்கையோடு வேறு ஏற்பாடுகளும் இருந்தன. தடுப்பு, சிகிச்சை, பாதிப்புக் குறைப்பு, சட்ட அமலாக்கம் என்னும் நான்கு தூண்களின் மேல் இந்நாடு தன் கொள்கையைக் கட்டியது. பேர்ண் நகரில் 1986இலேயே கண்காணிப்புடன் போதைப்பொருள் பயன்படுத்தும் அறை திறக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் அடிமைப்பட்டோருக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெரோயின் வழங்கும் சிகிச்சை 1994இல் தொடங்கிற்று. உள்துறை அமைச்சராயிருந்த ரூத் டிரைஃபுஸ் அம்மையார் கடும் எதிர்ப்புக்கிடையே இக்கொள்கையை முன்னெடுத்தார்.

மக்களிடமும் கேட்கப்பட்டது. 1997இல், தண்டனையையும் முழு விலகலையுமே வலியுறுத்திய "போதையற்ற இளமை" என்ற மக்கள் முன்மொழிவை ஏறத்தாழ 70 வீதத்தினர் நிராகரித்தனர். 1998இல், எல்லாப் போதைப்பொருட்களையும் சட்டபூர்வமாக்கக் கோரிய முன்மொழிவை ஏறத்தாழ 74 வீதத்தினர் நிராகரித்தனர். 1999இல், ஹெரோயின் சிகிச்சையை 54 வீதத்தினர் ஏற்றனர். மூன்றையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முழுத் தடையும் வேண்டாம், முழுச் சுதந்திரமும் வேண்டாம், நோயாளியைக் கைவிடவும் வேண்டாம் என்று ஒரு மக்களினம் நிதானமாகச் சொல்லியிருக்கிறது.

இந்த விவாதங்களில் நம்மவர் ஏன் வாய் திறக்கவில்லை? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. எண்பதுகளில் அகதிகளாக வந்திறங்கிய தமிழ் இளைஞரைச் சுவிஸ் பத்திரிகைகள் சில, தோல் மேலங்கி அணிந்த தூள் வியாபாரிகளாகச் சித்திரித்தன. ஒரு சிலர் செய்த குற்றம் முழு இனத்தின் முகத்திலும் பூசப்பட்டது. உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் இரவுபகலாக உழைத்து அந்தப் பழியைக் கழுவினோம். ஆனால் கழுவும்போது ஒரு பழக்கமும் நம்மோடு ஒட்டிக்கொண்டது. "போதை" என்ற சொல்லே வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தாலும் வெளியே தெரியக்கூடாது.

2001இல் கூட்டாட்சி அரசு கஞ்சாப் பயன்பாட்டைத் தண்டனையிலிருந்து விலக்கும் திருத்தத்தை முன்வைத்தது. மாநிலங்கள் சபை அதை ஏற்றது. தேசிய சபையோ 2003இலும் 2004இலும் அதைப் பரிசீலிக்கவே மறுத்தது. பாராளுமன்றம் மூடிய கதவை மக்கள் முன்மொழிவு தட்டியது. சொந்தப் பாவனைக்காகக் கஞ்சாவை வாங்குவதும் வைத்திருப்பதும் வளர்ப்பதும் தண்டனைக்குரியதாகாது, வணிகத்தை அரசு ஒழுங்குபடுத்தும், விளம்பரம் தடைசெய்யப்படும், இளையோரின் பாதுகாப்புக்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்று அரசியலமைப்பில் எழுதும்படி அது கோரியது.

இரு பக்கத்து வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. பெருந்தொகையானோர் மீறும் தடை சட்டத்தின் மதிப்பையே குறைக்கிறது, கள்ளச்சந்தை வயதைக் கேட்பதில்லை, கடைக்காரனையாவது சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றனர் ஆதரவாளர். செடியின் வீரியம் முன்னைவிட ஏறிவிட்டது, வளரும் மூளைக்கு அது தீங்கு, அயல்நாட்டவர் போதைக்காக எல்லை தாண்டி வருவர், சர்வதேச உடன்படிக்கைகள் மீறப்படும் என்றனர் எதிர்ப்பாளர். அரசும் பாராளுமன்றமும் நிராகரிக்கும்படியே பரிந்துரைத்தன.

வாக்கெடுப்பு 2008 நவம்பர் 30ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று நடைபெற்றது. அதற்கு முந்திய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அன்று எனக்கு வாக்குரிமை இல்லை. மறையுரை மேடை இருந்தது. கஞ்சாவுக்கு "ஆம்" எழுதுகிறவர் தம் பிள்ளையின் கையில் நஞ்சைக் கொடுக்கிறார் என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை கஞ்சா புகைக்கிறான் என்றால் அந்த வீட்டில் செபம் இல்லை என்று பொருள், பெற்றோர் தங்கள் வளர்ப்பைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றும் முழங்கினேன். பலர் வந்து கைகொடுத்துப் பாராட்டினர்.

அந்த ஞாயிறுக்குத் திரு அவை குறித்திருந்த நற்செய்தி எது தெரியுமா? மத்தேயு 25ஆம் அதிகாரம். பசித்தவரையும் அன்னியரையும் நோயுற்றவரையும் சிறையிலிருப்பவரையும் கண்டுகொண்டீர்களா என்று அரசர் கேட்கும் இறுதித் தீர்வை. அதை வாசித்து, நூலை முத்தமிட்டு, மூடிவிட்டுத்தான் நான் அப்படிப் பேசினேன்.

கஞ்சா முன்மொழிவை ஏறத்தாழ 63 வீதத்தினர் நிராகரித்தனர். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே நாளில் இன்னொரு வாக்கும் அளிக்கப்பட்டதை நான் மறையுரையில் சொல்லவேயில்லை. திருத்தப்பட்ட போதைப்பொருட் சட்டம் அது. நான்கு தூண்களையும் ஹெரோயின் சிகிச்சையையும் அது நிரந்தரச் சட்டமாக்கியது. ஆபத்திலிருக்கும் பிள்ளையைத் தண்டிப்பதற்காக அன்றி உதவுவதற்காகவே ஆசிரியரும் மருத்துவரும் உரிய நிலையத்துக்கு அறிவிக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. அதை 68 வீதத்தினர் ஏற்றனர். கஞ்சாவைத் திறந்துவிட வேண்டாம் என்றும், விழுந்தவரைத் தூக்கிவிடுங்கள் என்றும் இந்நாட்டு மக்கள் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளைத் தந்தனர். நான் என் மக்களிடம் சேர்ப்பித்தது முதலாவதை மட்டுமே.

2010 தவக்காலத்தில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். (அவருடைய சம்மதத்துடனேயே, அடையாளம் மறைத்து எழுதுகிறேன்.) மகனுக்கு 19 வயது. 16 வயதில் தொடங்கிய கஞ்சாப் பழக்கம். தொழிற்பயிற்சி இடையில் நின்றுவிட்டது. காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி இப்போது மனநலச் சிகிச்சையில் இருக்கிறார். "ஏன் அம்மா, முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "அண்டைக்குப் பூசை முடிய உங்களிட்ட வந்து சொல்லத்தான் இருந்தனான் பாதர். பிரசங்கத்தைக் கேட்டாப் பிறகு வாய் வரேல்லை."

பதினாறு மாதங்கள். அந்தக் காலத்தில் அப்பிள்ளைக்கு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டு அறிந்து வழிகாட்டியிருக்கலாம் என்பது மட்டும் தெரியும். அவர் பின்னர் நலமடைந்து தொழிலும் பெற்றார். அது இறைவனின் இரக்கமும் மருத்துவர்களின் உழைப்பும். என் பங்கு அதில் இல்லை.

2008க்குப் பின்னரும் வரலாறு நகர்ந்தது. 2013 ஒக்டோபர் முதல், கஞ்சா பயன்படுத்திப் பிடிபடும் வயதுவந்தோருக்கு 100 பிராங் தண்டம் மட்டும் விதிக்கலாம் என்றாயிற்று. 2022 ஓகஸ்ட் முதல் மருத்துவக் கஞ்சாவுக்குச் சிறப்பு விலக்கு அனுமதி தேவையில்லை. 2023 தொடக்கத்தில், கண்காணிக்கப்பட்ட முறையில் கஞ்சாவை விற்று விளைவுகளை ஆராயும் முதற்பரிசோதனை பாசல் நகரில் ஆரம்பமாயிற்று. அவசரப்படாமல் முதலில் பார்த்து அறிவோம் என்ற அணுகுமுறை அது.

"கஞ்சா எங்கள் நாட்டு மூலிகை, வெள்ளைக்காரன்தான் தடைசெய்தான்" என்று வாதிடும் இளையோருக்கும் ஒரு வார்த்தை. 1893இல் பிரித்தானிய அரசு இந்தியாவில் சணற்போதை விசாரணைக் குழுவை அமைத்தது. ஏழு உறுப்பினர், அவர்களுள் மூவர் இந்தியர். சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை தந்தனர். அளவான பாவனையால் பெருந்தீங்கு இல்லை, மிகையான பாவனை தீங்கு தரும், முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்பது அவர்களின் முடிவு. ஆகவே வெள்ளைக்காரன் அன்று பரிந்துரைத்தது ஒழுங்குபடுத்துதலையே. இன்றைய செடியின் வீரியத்துக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது. எனினும் ஒரு செய்தி என்னைத் தொடுகிறது. மனநோய் விடுதிப் பதிவேடுகளில் "காரணம்: கஞ்சா" என்று எழுதப்பட்டிருந்தவற்றுள் பல, நோயாளியை அனுப்பிவைத்த பொலிஸார் ஆராயாமல் நிரப்பியவை என்று அக்குழு கண்டது. ஆராயாமல் காரணம் எழுதுவது பொலிஸாரின் குற்றம் மட்டுமல்ல. "அந்த வீட்டில் செபம் இல்லை" என்று நானும் எழுதினேனே.

திரு அவையின் போதனையில் மயக்கமில்லை. மருத்துவத் தேவைக்கன்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவது கனமான தவறு என்று மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. பொழுதுபோக்குப் போதையைச் சட்டபூர்வமாக்குவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தெளிவாக எதிர்த்தார். அதே வேளையில், மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடைசெய்ய முற்படாது, பிறருக்குக் கேடு விளைக்கும் பெரிய தீமைகளையே முதன்மையாகத் தடைசெய்யும் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்ததையும் குருமடத்தில் படித்தோம். பாவம் எது என்பது ஒரு கேள்வி. எந்தச் சட்டம் வலுவற்றவரை மேலாகக் காக்கும் என்பது மற்றொரு கேள்வி. வாக்குச்சீட்டு கேட்பது இரண்டாவதை.

என் மனம் இன்னமும் "இல்லை" என்ற பக்கமே சாய்கிறது; விற்பனைக்கு வந்த பொருள் காலப்போக்கில் இயல்பானதாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆனால் இன்றைய தடையின் கீழும் நம் பிள்ளைகள் அதைப் பெறுகிறார்கள் என்பதை மறைத்துக்கொண்டு அதைச் சொல்லமாட்டேன். ஆகவே வாக்கெடுப்பு வருமானால், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த வழி கூடுதல் காவல் தரும், இலாபம் எவர் பைக்குப் போகும், அடிமைப்பட்டவரின் சிகிச்சைக்கு என்ன ஒதுக்கப்படும் என்று கேளுங்கள். அறிவிப்பு ஏட்டை முழுமையாக வாசியுங்கள். பிள்ளைகளோடு மேசையில் அமர்ந்து வாதாடுங்கள். பின்னர் மனச்சான்றின்படி எழுதுங்கள்.

2008இன் இரண்டாம் தீர்ப்பு மட்டும் எந்த வாக்கெடுப்புக்கும் காத்திராமல் நம் வீடுகளில் நடைமுறைக்கு வரட்டும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை விழுந்திருந்தால் குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள். மாநிலத்தின் போதை ஆலோசனை நிலையத்தை நாடுங்கள். என்னிடமும் வாருங்கள். உங்கள் வளர்ப்பைப் பற்றி நான் கேட்கமாட்டேன்.

மடுமாதாவின் பரிந்துரையால் இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை