வெள்ளைக் குதிரை வாதம்

‘வெள்ளைக் குதிரை குதிரையன்று’ என்னும் கூற்றை நிலைநாட்டும் பண்டைச் சீனத் தருக்க உரையாடல் வெள்ளைக் குதிரை வாதம் எனப்படும். இதன் ஆசிரியர் கோங்சுன் லோங், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஜாவ் நாட்டில் பிங்யுவான் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்தவர். பெயர்களைத் திருத்தமுற வழங்குவதே நல்லாட்சியின் தொடக்கம் என்று கன்பூசியஸ் முன்னரே வற்புறுத்தியிருந்தமையால், ஒரு பெயரின் எல்லை எதுவரை என்னும் ஆராய்ச்சி அரசவைகளிலும் இடம்பெற்றது.

‘குதிரை’ வடிவத்தையும் ‘வெள்ளை’ நிறத்தையும் சுட்டுவன என்றும், குதிரை வேண்டுமென்று கேட்பவருக்கு மஞ்சள் குதிரையோ கருங்குதிரையோ தரலாமாயினும் வெள்ளைக் குதிரை கேட்பவருக்கு அவற்றைத் தர இயலாது என்றும், ஆகவே அவ்விரண்டும் ஒன்றல்ல என்றும் கோங்சுன் லோங் வாதிட்டார். ஒரு வகையுள் அடங்குதல் வேறு, அவ்வகையோடு முற்றும் ஒன்றாதல் வேறு என்பதை நோக்கினால் முரண் அவிழ்ந்துவிடும். எனினும் அவ்வேறுபாட்டைக் காணும்படி எதிராளியை நெருக்கியதே இவ்வாதத்தின் அருமை.

கோங்சுன் லோங்குக்கு முற்பட்டவரும் வெய் நாட்டின் அமைச்சருமான ஹூய் ஷி, வேறுபாடுகளைக் கூர்மையாக்காமல் கரைக்க முயன்றார். யுவே நாட்டுக்கு இன்று புறப்பட்டு நேற்றே சென்றடைதல் முதலிய பத்துக் கூற்றுகள் ‘சுவாங்ட்சு’ நூலின் இறுதி இயலில் அவர் பெயரால் காணப்படுகின்றன. அவற்றை விளக்கும் வாதங்கள் கிட்டாமை பேரிழப்பாகும்.

மோட்சு என்னும் சிந்தனையாளரின் வழிவந்தோர் வெள்ளைக் குதிரை குதிரையே என ஏற்றனர். ஆனால் கள்வன் மனிதனேயாயினும் கள்வனைக் கொல்லுதல் மனிதனைக் கொல்லுதலன்று என்று கூறி, ஒரே அமைப்புடைய தொடர்கள் எப்போதும் ஒரே முடிவைத் தருவதில்லை எனக் காட்டினர். பெயர்கள் வழக்காற்றால் நிலைபெறுவன என்ற கன்பூசிய அறிஞர் ஷுன்ட்சு, இத்தகைய கூற்றுகளை மூவகை மயக்கங்களாகப் பகுத்துக் கண்டித்தார்.

கோங்சுன் லோங், ஹூய் ஷி போன்ற விவாதிகளைப் ‘பெயர்க் குழு’ என ஒரே பள்ளியாக வகைப்படுத்தியவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான சிமா தான் என்னும் வரலாற்றறிஞர்; உண்மையில் அவர்களுக்குப் பொதுவான கோட்பாடு ஏதுமில்லை. ஹான் காலப் பட்டியல் பதினான்கு இயல்கள் உடையதாகக் குறிக்கும் கோங்சுன் லோங்கின் நூலில் ஆறே எஞ்சியுள்ளன. சொல்விளையாட்டு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இவ்வாராய்ச்சிக்கு, 1922இல் வெளிவந்த சீன அறிஞர் ஹூ ஷியின் நூல் தருக்க வரலாற்றில் உரிய இடத்தைக் கோரியது. 1983இல் ஆய்வாளர் சாட் ஹான்சன், சீனப் பெயர்ச்சொற்கள் ‘நீர்’ என்பதுபோல் எண்ணிக்கைக்கு உட்படாத திரளைக் குறிப்பதால் இப்புதிர் எழுந்ததென விளக்கினார். அவ்விளக்கம் இன்றும் மறுப்புகளை எதிர்கொள்கிறது.