வீட்டுத் தோட்டத்துக்குத் திண்ணையிலேயே நாற்று தயார் செய்யலாம்!

தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை நேரடியாக மண்ணில் தூவினால் எறும்பு இழுத்ததும் மழை அடித்ததும் போகக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஒரு வீட்டுக்கு ஒவ்வொன்றிலும் 5 அல்லது 6 செடிகள் போதும். அதற்கான நாற்றைத் திண்ணையிலேயே வளர்த்துவிடலாம்.

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, பாகல், புடலை ஆகியவற்றுக்கு நாற்று தேவையில்லை. அவற்றை நேரடியாக ஊன்றுங்கள்.

விதைப்பு

குழித்தட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காகித டம்ளர், கொட்டாங்குச்சி போதும். அடியில் கட்டாயம் துளையிட வேண்டும். மட்கிய தென்னை நார்க்கழிவுடன் சலித்த மண்புழு உரத்தைக் கலந்து நிரப்புங்கள். மட்காத நார்க்கழிவைப் பயன்படுத்தக் கூடாது, முளைப்பு பாதிக்கும்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது பரிந்துரை. சிறு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை எடுத்துப் புரட்டினாலே போதும். குழிக்கு ஒரு விதையாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, பாலித்தீன் தாளால் மூடி வையுங்கள்.

வெளிச்சமும் தண்ணீரும்

முளைக்கும் வரை வெயில் தேவையில்லை. ஆனால், முளை தலைகாட்டிய அன்றே மூடாக்கை எடுத்துவிட்டு, வெளிச்சம் நன்றாக விழும் இடத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி, நூல் போல நீண்டு சாய்ந்துவிடும்.

அதிகம் பேர் நாற்றை இழப்பது தண்ணீர் கூடுவதால்தான். ஈரம் தேங்கினால் நாற்றழுகல் நோய் வரும். காலையில் நன்றாக நின்ற நாற்று, மாலையில் தண்டின் அடி நைந்து படுத்துக்கிடக்கும். அதைத் திரும்ப எழுப்ப முடியாது. மேல் பரப்பைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், காலை வேளையில் தண்ணீர் தெளியுங்கள். நோய் தென்பட்டால் அழுகிய நாற்றுகளை அகற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து மற்ற நாற்றுகளின் வேர்ப்பகுதி நனையும்படி ஊற்றலாம்.

நடவு

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். மூன்றையும் ஒரே நாளில் நட விரும்பினால் மிளகாயை முதலில் விதைத்து, 5 நாள் கழித்துக் கத்தரியையும், மேலும் 5 முதல் 10 நாள் கழித்துத் தக்காளியையும் விதையுங்கள்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, நாற்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலில் வளர்ந்ததை நேராக வெயிலில் நட்டால் கருகிவிடும். மாலையில் வேர் மண்ணோடு எடுத்து நட்டு, உடனே உயிர்த்தண்ணீர் விடுங்கள்.