வைத்தியர் அறிந்த இரகசியம்

நோயாளியிடமிருந்து அறிந்ததை வைத்தியர் வெளியிடலாகாது என்பது ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழி. ஒருவர் உடலைப் பற்றிய செய்தி அவர் ஒருவருக்கே உரியது என்னும் எண்ணம் அதற்கு அடிப்படையாக இருந்தது. தந்தையின் இரத்தத்தில் கண்ட செய்தி மகளையும் பற்றியதாயின் வைத்தியர் என் செய்வார்? இவ்வினா வளர்ந்த வரலாற்றை ஒரு நோயின் வழியே நாம் நோக்குவோம்.

1872-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் 22 வயது அமெரிக்க வைத்தியர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டுத் தீவில் அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் வைத்தியம் செய்தவர்கள். சிறுவனாயிருந்தபோது தந்தையுடன் வண்டியில் செல்கையில், தாயும் மகளுமான இரு பெண்கள் உடலை முறுக்கி நெளித்துக்கொண்டு வந்ததைத் தாம் கண்டு திகைத்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறினார். கைகால்கள் தம்மை மீறி ஆடும். பின்னர் அறிவும் தளரும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், மக்களைப் பெற்றபின்னரே நோய் தோன்றும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அக்குடும்பத்தார் நோயின் பெயரையே உச்சரிக்க அஞ்சி, அதைச் சுட்டிப் பேசினரேயன்றிப் பெயரிட்டுப் பேசவில்லை என்பதையும் ஹண்டிங்டன் குறித்துள்ளார்.

அந்த அச்சம் வீணானதன்று. 1916-ல் அமெரிக்க இனமேம்பாட்டு வாதியான டாவன்போர்ட், இந்நோயுள்ள குடும்பங்களின் வமிசாவளிகளை ஆராய்ந்து வெளியிட்டார். 1933-ல் ஜெர்மனியின் நாஜி அரசாங்கம் கட்டாய மலடாக்கச் சட்டம் இயற்றியபோது, அதில் அடுக்கப்பெற்ற நோய்களுள் இதுவும் ஒன்று. வைத்தியரின் ஏட்டிலிருந்த பெயர், சர்க்காரின் ஏட்டுக்கு ஏறிய காலம் அது. குடும்பத்தார் வாய்மூடி இருந்ததைப் பேதைமை என்று எளிதில் பழிப்போர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மறைத்ததன் விலையும் சிறிதன்று. 1968-ல் மில்டன் வெக்ஸ்லர் என்னும் உளநூல் அறிஞர், தம்மிடமிருந்து மணவிலக்குப் பெற்றிருந்த மனைவிக்கு இந்நோய் என்று அறிந்ததும், தம் இரு பெண்களையும் அழைத்து உள்ளதைச் சொல்லிவிட்டார். அவ்விருவருள் ஒருவரான நான்சி வெக்ஸ்லர், நோய் மிகுந்த வெனிசூலா நாட்டு மராக்கைபோ ஏரிக்கரைச் சிற்றூர்களில் பல்லாண்டுகள் உழைத்தார். 1983-ல் நோயின் இருப்பிடம் 4-ஆம் குரோமோசோமில் உள்ளதென்பதும், 1993-ல் அதன் மரபணுவும் கண்டறியப்பட்டன. மருந்து கிடைக்குமுன் சோதனை கிடைத்தது. அதைத் தேடியவரே தம் முடிவு பற்றி நெடுங்காலம் உலகுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தமக்கும் அந்நோய் உண்டென்று 2020-ல்தான் வெளிப்படுத்தினார்.

சோதனை தனிமனிதரோடு நிற்பதில்லை. பாட்டனார் இந்நோயால் இறந்திருக்க, பேரன் சோதித்துக்கொண்டு, மரபணு இருப்பதாகத் தெரிந்தால், எதையும் அறிய விரும்பாத இடைநின்ற தந்தையின் செய்தியும் வெளியாகிவிடுகிறது. அறியும் உரிமையும் அறியாதிருக்கும் உரிமையும் ஒரே வீட்டுக்குள் மோதுகின்றன.

இதனை நீதிமன்றங்களும் ஒருவிதமாகத் தீர்க்கவில்லை. பரம்பரைப் புற்றுநோய் வழக்கு ஒன்றில், நோயாளியிடம் எச்சரித்தாலே வைத்தியரின் கடமை தீர்ந்ததென்று 1995-ல் ஃபுளோரிடா மாகாண உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டிலேயே நியூ ஜெர்சி நீதிமன்றம், ஆபத்துக்குள்ளாகும் உறவினருக்குச் செய்தி எட்ட வைத்தியர் தக்க முயற்சி செய்யவேண்டும் என்றது.

இலண்டனில் நிகழ்ந்தது இன்னும் கடியது. மனைவியைக் கொன்றதற்காக மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு 2009-ல் ஹண்டிங்டன் நோய் உறுதிப்பட்டது. மகள் அப்போது கருவுற்றிருந்தாள். அவளிடம் சொல்லக்கூடாதென்று அவர் மறுத்தார்; கருவைக் கலைத்துவிடுவாளோ என்பதும் அவர் அச்சங்களுள் ஒன்று. குழந்தை பிறந்த பின்னர், 2010-ல், வைத்தியர் ஒருவர் வாய்தவறிச் சொன்னதால் மகளுக்கு அது தெரிந்தது. சோதித்தபோது அவளுக்கும் அந்நோய் உண்டென்று தெரிந்தது. 2020-ல் உயர் நீதிமன்றம், மகளின் நலனையும் தந்தையின் இரகசியத்தையும் நிறுத்துப் பார்க்கும் கடமை வைத்தியர்களுக்கு உண்டென்று ஒப்புக்கொண்டது. ஆயினும் அவர்கள் சொல்லாது விட்டது தவறன்று எனக் கூறி வழக்கைத் தள்ளியது. வழியைத் திறந்துவிட்டு, அவ்வழியே வந்தவளை வெறுங்கையோடு அனுப்பிய தீர்ப்பென்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் மரபணுவைப் பற்றியதன்று எனினும் இதற்கு நெருங்கிய வழக்கொன்று உண்டு. எச்.ஐ.வி. கிருமியுடைய ஒருவரின் செய்தி வெளியாகி, நிச்சயித்த திருமணம் நின்றது. அவர் மருத்துவமனைமீது தொடுத்த வழக்கில், மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலமே மேற்பட்டதென்று 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-ல் இந்திய மருத்துவ மன்றம் வகுத்த ஒழுக்க விதிகளிலும், குறிப்பிட்ட ஒருவருக்குக் கடுமையான ஆபத்து இருப்பின் இரகசியத்தை வெளியிடலாம் என்னும் விலக்கு இடம்பெற்றது. சட்டச் சொற்களைத் தமிழாக்கிப் பழகிய நமக்கு அத்தொடர் முள்ளாய் நெருடுகிறது. ‘குறிப்பிட்ட ஒருவர்’ என்பதில் நிச்சயித்த மணமகள் அடங்குவாள். எங்கோ வாழும் சிற்றப்பன் மக்கள் அடங்குவார்களா, இன்னும் பிறவாத குழந்தை அடங்குமா என்பதை அத்தொடர் சொல்லவில்லை.