வான்வழியும் இணையவழியும்

நம் மலேசிய நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. 1978இல் அது வண்ணம் பெற்றது; 1996இல் செயற்கைக்கோள் வழி அஸ்ட்ரோ வந்தது. வளர்ச்சி பல கண்டபோதும், எந்நேரத்தில் எதைக் காட்டுவது என வகுத்தவர்கள் நிலையத்தாரே. தமிழ் நிகழ்ச்சிக்குரிய நேரத்தை வீட்டார் அறிந்து காத்திருந்தனர்.

இணையத் தொலைக்காட்சி இம்முறையை மாற்றியது. இதில் காட்சி சில வினாடித் துண்டுகளாகப் பகுக்கப்பெற்று, கேட்ட வீட்டிற்குக் கேட்ட வேளையில் வந்து சேர்கின்றது. இணைப்பின் விரைவு குறைந்தால் படத்தின் தெளிவும் குறையும்.

இதனைத் தொடங்க வேண்டுவன மூன்று: விரைவான இணைய இணைப்பு, இணைய வசதியுள்ள தொலைக்காட்சி, அல்லது பழைய பெட்டியுடன் பொருத்தும் சிறு கருவி, உரிய செயலி. அரசு நிலையத்தின் ஆர்.டி.எம். கிளிக் செயலிக்குக் கட்டணமில்லை. 2016இல் இங்கு வந்த நெட்பிளிக்சுக்கோ மாதக் கட்டணம் உண்டு.

கருவியைப் பொருத்துதல் எளிது. பொறுப்பை ஏற்றலே அரிது. அன்று தமிழுக்கு நேரம் ஒதுக்கியது நிலையம். இன்று ஒதுக்க வேண்டியது இல்லம். ஆயிரம் காட்சிகள் விரல் நுனியில் நிற்கையில், பிள்ளைகள் தாமே தமிழை நாடுவர் என்று வாளாவிருத்தல் தகாது. நல்ல தமிழ் நிகழ்ச்சியைப் பெற்றோரும் ஆசிரியரும் தேர்ந்து காட்டுதல் வேண்டும். உடனமர்ந்து கண்டு, அதுபற்றித் தமிழில் உரையாடுதலும் வேண்டும்.