‘சின்ன மாமியே’ யாருடைய பாட்டு?

அண்மையில் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டில் ‘சின்ன மாமியே’ பாட்டு ஒலித்தது. சிறுவர் முதல் கிழவர் வரை எழுந்து ஆடினார்கள். "இது யார் பாடினது, அங்கிள்?" என்று பக்கத்தில் நின்ற பெடியன் கேட்டான். நான் வாய் திறக்குமுன் ஒருவர் நாட்டுப்பாடல் என்றார். இன்னொருவர் சினிமாப் பாட்டு என்றார். இரண்டும் பிழை.

அதை இயற்றிப் பாடியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். இலங்கைத் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி. பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

1960களில் உலகெங்கும் இளைஞர்கள் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். இங்கே க்ளரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவுடன் சிங்களத்தில் புதிய மெட்டுகளைத் தந்தார். தமிழில் நம்மவர்கள் போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தையும் ஊர்ப் பேச்சையும் கலந்தார்கள். மாமி, மருமகன், கள்ளுக்கடை எல்லாம் பாட்டுக்குள் வந்தன.

இந்த இசையைக் கடல் கடந்து கொண்டுபோனவர் ‘சிலோன்’ மனோகரன் என்ற ஏ.ஈ. மனோகரன். அவர் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கைகோத்த பாட்டு. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது மீண்டும் வந்தது. தமிழ்நாட்டில் பலர் அதைச் சினிமாப் பாட்டென்றே நினைத்தார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

அமெரிக்காவிலும் இப்படி மறந்துபோன பாட்டுகள் உண்டு. அறுபதுகளில் சிறு குழுக்கள் கிட்டார் ஒலியை முறுக்கி, மயக்கம் தரும் ‘சைக்கடெலிக்’ பாணியில் 7 அங்குலத் தட்டுகளை வெளியிட்டன. பல தட்டுகள் சில வாரங்களில் மறைந்தன. 1972இல் லெனி கேய் என்பவர் அவற்றில் 27 பாடல்களைத் தேடியெடுத்து, ஒவ்வொரு குழுவைப் பற்றியும் குறிப்பெழுதி, ‘நகெட்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டாக்கினார். அதனால் பாட்டுகளோடு பெயர்களும் பிழைத்தன.

எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியிலும் தமிழ்ப் பொப் இசைத்தட்டுகள் இருந்தன. அப்பா உறையின் மூலையில் வாங்கிய திகதியை எழுதிவைப்பார். 1983 ஜூலையில் வீடு எரிந்தது. அகதி முகாமிலிருந்து திரும்பியபோது அலுமாரியும் இல்லை, தட்டுகளும் இல்லை.

பாட்டுகள் கசெற்றிலும் பின்னர் இணையத்திலும் பிழைத்துக்கொண்டன. உறை போனதோடு இயற்றியவர், வாத்தியம் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் என்ற விபரங்கள் பாட்டைவிட்டுப் பிரிந்தன. ஒருவருடைய உழைப்பு ‘நாட்டுப்பாடல்’ ஆவது அப்படித்தான்.

உங்கள் வீட்டு மேல்தட்டில் ஒரு பழைய உறை கிடக்கலாம். அதன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அந்தக் காலத்தில் மேடையில் கிட்டார் வாசித்த மாமா ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

கல்யாண வீட்டில் அந்தப் பெடியனுக்கு நான் ஒரு பெயரைச் சொன்னேன். அவன் கைபேசியில் எழுதிக்கொண்டான்.